கிருமி வளர்த்த காவல்

எதிர்ச்சொற்களைப் பயிற்றிக்கொண்டிருந்த வேளையில் மாணவன் ஒருவன் எழுந்து, “ஐயா, கிருமி என்னும் சொல்லுக்கு எதிர்ச்சொல் யாது?” என வினவினான். “மருந்து” என்றேன். வகுப்பும் அவ்விடையை ஏற்றுக்கொண்டது. அன்று மாலை ஆசிரியர் அறையில் இதனைக் கேட்ட எங்கள் விஞ்ஞான ஆசிரியர் நகைத்து, “பண்டிதர் ஐயா, மருந்தைச் செய்து தருவதே கிருமியாயின் என் செய்வீர்கள்?” என்றார். அன்று தொடங்கிய உரையாடல் பல நாள் நீடித்தது. அதன்வழிக் கற்றவற்றையே ஈண்டு எழுதுகின்றேன். தமிழ் கற்பிப்பவனுக்கு இவ்வாராய்ச்சி எற்றுக்கு எனின், அதற்கு என் வாழ்விலே ஒரு காரணம் உண்டு.

நான் பாடசாலை மாணவனாயிருந்த காலத்தில் என் தமக்கையார் காமாலை நோயால் இறந்தார். அப்பொழுது அவர் கருவுற்று ஏழு திங்கள் நிறைந்திருந்தது. அன்னையார் கீழ்க்காய்நெல்லியை அரைத்துப் பாலிற் கலந்து ஊட்டியதும், அக்காவின் கண்கள் மஞ்சளாய்த் திரும்பி என்னைப் பார்த்ததும் இன்றும் நெஞ்சை விட்டு அகலவில்லை. அஃது எவ்வகைக் காமாலை என ஆராய்ந்தறியும் வாய்ப்பு எங்களுக்கு இருக்கவில்லை. ஆயினும், கருவுற்ற மகளிரையே தெரிந்தெடுத்துக் கொல்வது போன்ற காமாலை ஒன்று உண்டு என்று விஞ்ஞான ஆசிரியர் சொன்னபோது, நான் கையிலிருந்த நூலை மூடிவைத்துவிட்டேன்.

‘ஈ’ வகை ஈரலழற்சி என்பது அதன் பெயர். மலத்தால் மாசுற்ற நீர் வழியே பரவும் ஒரு வைரசு அதனை விளைவிக்கின்றது. 1955ஆம் ஆண்டின் இறுதியில், யமுனை நீர் மாசுற்றதனால் தில்லி மாநகரிற் பல்லாயிரவர் காமாலையுற்றனர். அது ‘ஈ’ வகையே என்பது பிற்காலத்தில் ஆராய்ந்து துணியப்பட்டது. மிகையில் பாலயான் என்னும் சோவியத்து அறிஞர், நோயாளர் மலத்தினின்று எடுத்த சாற்றைத் தாமே பருகி நோயுற்று, அவ்வைரசைத் தம்மிடமிருந்தே கண்டறிந்தமை 1983ஆம் ஆண்டிலே வெளியிடப்பட்டது. பெரும்பாலோர்க்கு இந்நோய் சில வாரங்களில் நீங்கிவிடும். கருவுற்ற இறுதி மாதங்களில் இதனாற் பீடிக்கப்படும் மகளிருள்ளோ நால்வர் ஐவருக்கு ஒருவர் இறத்தலும் உண்டு.

இனி, இதற்குக் காவலாய் வந்த உயிரைக் காண்போம். எசரிக்கியா கோலி என்னும் பற்றீரியா மனிதர் குடலில் வாழ்வது. 1885ஆம் ஆண்டில் தெயோடோர் எசரிக் என்னும் மருத்துவர் குழந்தைகளின் மலத்தில் இதனைக் கண்டு விவரித்தார். குடிநீரில் இது காணப்படின், அந்நீர் மலத்தால் மாசுற்றது என முடிவு செய்வர். நீரின் குற்றத்துக்குச் சான்றாய் நின்ற இவ்வுயிரையே, அக்குற்றத்தால் விளையும் நோய்க்கு மருந்து செய்யவும் பழக்கினர் சீன அறிஞர்.

பழக்கிய வகை இது. வைரசின் புறவுறையிலுள்ள ஒரு புரதத்துக்குரிய பரம்பரையலகின் ஒரு பகுதியைப் பற்றீரியாவினுள்ளே புகுத்துவர். பற்றீரியா அதனைத் தன் உடைமை போலக் கருதி அப்புரதத்தை ஆக்கத் தொடங்கும். ஆக்கப்படுவது வைரசு அன்று. அதன் உறையின் ஒரு துண்டே. பாம்பு கழற்றிய சட்டையைக் கண்டவன் பாம்பினை அறிந்து விலகுதல் போல, அத்துண்டைக் கண்ட உடல் பின்னர் வரும் வைரசை அறிந்து எதிர்க்கும். சட்டை எவரையும் தீண்டுவதில்லை.

இப்பற்றீரியாவை வளர்க்கும் பாத்திரத்தை உயிர்வினைக் கலம் என்பர். நம் இல்லங்களில் உறையூற்றித் தயிராக்குவதும், தோசை மாவை இரவிற் புளிக்கவைப்பதும் இத்தொழிலின் எளிய வடிவங்களே. அங்கே வேண்டாத உயிர் சிறிது புகுந்தாலும் தயிர் தயிராகிவிடும்; இங்கே அதற்கு இடமில்லை. துருப்பிடியா உருக்கினாலான கலத்தை 121 பாகை செல்சியசு வெப்பமுள்ள நீராவியால் முதலிற் கிருமி நீக்குவர். குடுவையில் வளர்த்த சிறு வித்தைச் சிறிய கலத்துக்கும், அங்கிருந்து பெரிய கலத்துக்கும் மாற்றுவர். நல்ல சூழலில் இப்பற்றீரியா ஏறத்தாழ 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். தடையின்றிப் பெருகின், ஓர் உயிர் பத்து மணி நேரத்தில் நூறு கோடிக்கு மேற்பட்டதாகும்.

அத்துணை விரைவே ஆபத்துமாகும். பெருகுந்தோறும் வெப்பம் மிகும். ஆகவே கலத்தைச் சூழக் குளிர்நீர் ஓடவேண்டும். ஒட்சிசன் குறையும், ஆகவே காற்றைக் குமிழிகளாய்ச் செலுத்திச் சுழல் அலகுகளாற் கலக்கவேண்டும். குளுக்கோசை மிகுதியாய் ஊட்டின் அசற்றிக்கமிலம் சேர்ந்து வளர்ச்சியைக் கெடுக்கும். ஆகவே அளந்தளந்து ஊட்டவேண்டும். போதிய அளவு பெருகியபின் ஒரு தூண்டுபொருளை இட்டதும், அதுகாறும் பெருகுவதிலே முனைந்திருந்தவை புரதம் ஆக்குவதில் முனையும். பின்னர் அவற்றை உடைத்துப் புரதத்தைப் பிரித்தெடுப்பர். அவற்றின் சுவரில் காய்ச்சலை விளைக்கும் நஞ்சு உண்டாதலின், அதனை முற்றும் நீக்குதலே பெருந்தொழில். தூய்மையுற்ற புரதம் தானே திரண்டு, வைரசின் வடிவையொத்த நுண்துகள்களாகும்.

ஒருவர்க்கு ஒருமுறை வேண்டுவது 30 மைக்கிரோகிராம் மாத்திரமே. ஆறு மாதங்களில் மூன்று முறை இடுவர். சீனத்தின் சியாங்சு மாகாணத்தில் இலட்சத்துக்கு மேற்பட்டோரைக் கொண்டு சோதித்த முடிவுகள் 2010இல் வெளிவந்தன. 2011ஆம் ஆண்டில் அந்நாடு ‘எக்கோலின்’ என்னும் பெயரில் இதற்கு உரிமம் வழங்கியது. நாலரை ஆண்டுகள் தொடர்ந்து நோக்கியபோதும், 100க்கு 86 என்னும் அளவிற்கு மேலாக இது காத்து நின்றமை 2015இல் வெளியிடப்பட்டது.

இதுவரை கேட்டு மகிழ்ந்திருந்த நான், அடுத்த செய்தியில் திகைத்தேன். நோய்ப்பரவலைத் தடுப்பதற்கென இத்தடுப்பு மருந்து உலகில் முதன்முறையாக இடப்பட்டது 2022ஆம் ஆண்டிலேதான். தென் சூடானின் பெந்தியு என்னும் இடத்து, உள்நாட்டிலே இடம்பெயர்ந்தோர் முகாமில், எல்லையற்ற மருத்துவர் அமைப்பும் அந்நாட்டுச் சுகாதார அமைச்சும் கருவுற்ற மகளிர் உட்பட ஏறத்தாழ 25,000 பேருக்கு அதனை இட்டன. உரிமம் பெற்று அதற்குள் பத்தாண்டுகள் கழிந்திருந்தன. அப்பத்தாண்டுகளிலும் முகாம்களிலே காமாலை பரவிற்று, தாய்மார் இறந்தனர்.

கருவுற்றோர்க்கு இது தீங்கற்றது என்பதற்கு மேலும் சான்று வேண்டும் என்று அறிஞர் தயங்கியமை உண்மை. அத்தயக்கம் பழிக்கத்தக்கதன்று. ஆயினும், சான்று தேடும் முயற்சி ஏன் அவ்வளவு மெல்ல நடந்தது? அந்நோய்க்கு இலக்கானவர்கள் விலை கொடுத்து வாங்கவியலாத ஏழைகள் என்பதும் ஒரு காரணமன்றோ? ஓர் உயிர் பத்து மணி நேரத்தில் நூறு கோடியாகும் கலத்தை ஆளக் கற்ற மனிதர்க்கு, அதன் பயனைச் சேற்று நிலத்துக் கூடாரமொன்றிற் கொண்டுசேர்க்கப் பத்தாண்டுகள் வேண்டியிருந்தன. தூய குடிநீரும் மலசலகூடமும் அம்மக்களுக்குக் கிடைத்திருப்பின், இம்மருந்துக்கே தேவை குன்றியிருக்கும்.

உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக வகுத்தவர் தொல்காப்பியர். கண்ணுக்குத் தோன்றாத இவ்வுயிருக்கு அவ்வரிசையில் எவ்விடம் உரியதென நான் அறியேன். இட்ட பணியை அது குறைவறச் செய்தது என்பதை அறிவேன். ஆறறிவுடையார் பணியே நிலுவையில் நின்றது.

மறுநாள் வகுப்பிலே அம்மாணவனை அழைத்து, “நேற்று யான் கூறியது பிழை, கிருமிக்கு எதிர்ச்சொல் இல்லை” என்றேன். “மருந்துக்கு, ஐயா?” என்றான் அவன். தாமதம் என்று சொல்ல நா எழுந்தது. அக்காவின் முகம் நினைவில் வர, ஒன்றும் சொல்லாது பாடத்தைத் தொடர்ந்தேன்.