75 ரூபாய் நாணயம்... திருப்பி விற்றால் எவ்வளவு கிடைக்கும்?

புதிய நாடாளுமன்றக் கட்டடம் திறக்கப்பட்டதையொட்டி, 2023-ல் 75 ரூபாய் நினைவு நாணயம் வெளியானது. இதுபோன்ற நாணயங்களை ஆன்லைனில் தேடினால், ஆயிரக்கணக்கில் விலை சொல்கிறார்கள். அழகான பெட்டி, கண்ணாடி போன்ற பளபளப்பு, ‘லிமிடெட் எடிஷன்’ என்ற வாசகம்... ‘பிள்ளைகளின் எதிர்காலத்துக்கு உதவும்’ என்று சேமிப்புப் பணத்தில் வாங்கி வைப்பவர்களும் உண்டு. பணத் தேவைக்கு விற்கப் போகும்போதுதான் உண்மையான விலை தெரியவரும். ஆனால், வாங்கும் முன்பே அதை ஓரளவு கணக்கிட்டுவிடலாம்.

எடையைப் பாருங்கள்!

75 ரூபாய் நாணயத்தின் எடை 35 கிராம். அதில் வெள்ளி 50 சதவிகிதம்தான். மீதி 40 சதவிகிதம் செம்பு, நிக்கலும் துத்தநாகமும் தலா 5 சதவிகிதம். ஆக, வெள்ளி 17.5 கிராம். வெள்ளி கிராம் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், உலோக மதிப்பு 1,750 ரூபாய். இதை 5,000 ரூபாய்க்கு வாங்கினால், மீதி 3,250 ரூபாய் வெறும் எதிர்பார்ப்புக்குக் கொடுத்த விலை! அன்றைய வெள்ளி விலையைப் போட்டு நீங்களே கணக்கிடலாம்.

எடை ஒன்றாக இருந்தாலும் வெள்ளி மாறுபடும். தஞ்சை பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டையொட்டி வெளியான 1,000 ரூபாய் நாணயமும் 35 கிராம்தான். ஆனால், அதில் வெள்ளி 80 சதவிகிதம், அதாவது 28 கிராம்.

நகைக்கடையில் இந்த முழுத் தொகையும் கிடைக்காது. கலப்பு உலோகம் என்பதால், உருக்கிச் சுத்தம் செய்யும் செலவைக் கழிப்பார்கள்.

அரிதா, இல்லையா?

பழைய நாணயங்கள் புழங்கித் தேய்ந்தன, உருக்கப்பட்டன, தொலைந்தன. தப்பிப் பிழைத்தவற்றில் சிலவற்றுக்குத்தான் நல்ல விலை. நினைவு நாணயங்களோ வாங்கிய நாள் முதல் பீரோவில் பத்திரமாக இருக்கின்றன. எல்லோரும் பத்திரப்படுத்தும் பொருள் எளிதில் அரிதாகிவிடாது.

இன்னொன்று... விளம்பரத்தில் இருப்பது கேட்கும் விலை. நாணய ஏலங்களில் அதே நாணயம் கடைசியாக என்ன விலைக்குப் போனது என்று பாருங்கள். அதுதான் சந்தை விலை.

இவற்றை மறக்காதீர்கள்

* பெட்டி, சான்றிதழ், பில் மூன்றையும் சேர்த்து வையுங்கள்.

* புளி, விபூதி போட்டுத் தேய்க்க வேண்டாம். கீறல் விழுந்தால் சேகரிப்பாளர்கள் விலையைக் குறைத்துவிடுவார்கள்.

* தனியார் விற்கும் தங்க முலாம் பூசிய சாமி படக் காசுகள் அரசு நாணயங்கள் அல்ல. முலாமில் இருக்கும் தங்கம் மிக மிகக் குறைவு.

* ‘வைஷ்ணவ தேவி நாணயத்துக்கு லட்சக்கணக்கில் பணம்’ என்று சொல்லி முன்பணம் கேட்டால் உஷார்! பழைய நாணயங்களை வாங்கி விற்பதாகக் கூறி, ரிசர்வ் வங்கியின் பெயரில் கமிஷன் கேட்பது மோசடி என்று அந்த வங்கியே 2021-ல் எச்சரித்திருக்கிறது.

ஆசைக்காக வாங்குவதில் தவறில்லை. முதலீடு என்று வாங்குவதாக இருந்தால், விற்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “நாளைக்கே இதைத் திருப்பிக் கொடுத்தால், எவ்வளவு தருவீர்கள்?”

அவர் சொல்லும் பதில்தான் அந்த நாணயத்தின் இன்றைய விலை.