மசக்கையும் இரத்தத்தின் சான்றும்



கருவுற்ற பெண்களுக்கு முதற்சில மாதங்களில் உண்டாகும் குமட்டலையும் வாந்தியையும் மசக்கை என்கிறோம். பெரும்பாலோர்க்கு அது நான்காம் ஐந்தாம் மாதத்தில் தானே அடங்கிவிடும். ஆனால் நூற்றில் ஓரிருவர்க்கு அஃது அடங்காத நோயாகிவிடுகின்றது. பருகிய நீரும் வயிற்றில் தங்குவதில்லை. உடல் எடையில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடுகின்றது. சிறுநீரில் கீட்டோன் என்னும் பொருள் தோன்றுகின்றது. உணவு பெறாத உடல் தன் கொழுப்பையே எரித்து உயிர்வாழத் தொடங்கியிருக்கின்றது என்பதற்கு அஃது அடையாளம். மருத்துவர் இந்நோயை 'ஹைப்பரெமெசிஸ் கிராவிடாரம்' என்பர்.

"பிள்ளை உண்டானால் எல்லார்க்கும் உள்ளதுதானே!" என்று சொல்லி, இத்தகைய பெண்ணை வீட்டிலேயே படுக்க விட்டுவிடும் வழக்கத்தை எங்கள் ஓமந்தூர்ப் பக்கத்திலும் நான் கண்டதுண்டு. சென்ற நூற்றாண்டில் மேல்நாட்டு மருத்துவர் சிலரும் இதனைத் தாயின் மனக்கோளாறு என்றே கருதினர். இது பாசாங்கன்று, உடலுறும் மெய்யான துன்பமே என்பதற்கு இரத்தம் சான்று பகர்கின்றது. அச்சான்று எத்தகையது? அதனை எவ்வாறு எடைபோடுவது? இவற்றையே இன்று சிந்திப்போம்.

முதலாவது, அழற்சியின் அடையாளங்கள். காலில் முள் தைத்தால் அவ்விடம் சிவந்து வீங்கி வலிக்கின்றது. உடல் தன்னைக் காத்துக்கொள்ளச் செய்யும் அம்முயற்சியே அழற்சி. அது வெளியே தோன்றாமல் உள்ளேயும் நிகழலாம். அப்போது நியூட்ரோபில் என்னும் வெள்ளணுக்கள் பெருகி, லிம்போசைட் என்பவை குறையக் காண்கிறோம்; இவ்விரண்டின் விகிதம் ஓர் அளவுகோல். மற்றோர் அளவுகோல் சி-ரியாக்டிவ் புரதம். 1930-ஆம் ஆண்டில் நியூயார்க்கின் ராக்பெல்லர் நிலையத்தில் டில்லெட், பிரான்சிஸ் என்னும் இருவர் நிமோனியா நோயாளிகளின் இரத்தத்தில் இதனைக் கண்டனர். அழற்சி நேர்ந்தால் கல்லீரல் இதனை மிகுதியாகச் சுரக்கின்றது.

இரண்டாவது, ஆக்சிஜனேற்ற நெருக்கடி. எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்று வழங்கும் நிலக்கடலையின் எண்ணெயைத் திறந்து வைத்தால், நாளடைவில் சிக்கு நாற்றம் வீசுகின்றதன்றோ? காற்றிலுள்ள ஆக்சிஜன் எண்ணெயின் கொழுப்பைச் சிதைப்பதே அதற்குக் காரணம். நம் உயிரணுக்களின் மெல்லிய உறையும் கொழுப்பினால் ஆனதே. உடலின் தடுப்பாற்றல் தளரும்போது அக்கொழுப்பும் அவ்வாறே சிதைந்து, மலோண்டையால்டிஹைடு என்னும் பொருளைத் தருகின்றது. எண்ணெயின் கேட்டை அறிய உதவும் வேதிச் சோதனையே இரத்தத்தில் இப்பொருளை அளக்கவும் பயன்படுகின்றது!

துருக்கி முதலிய நாடுகளில் நடந்த ஆய்வுகள் பலவற்றில், கடும் வாந்தியுற்ற தாய்மாரிடம் இவ்வளவுகள் உயர்ந்திருக்கக் கண்டனர். சில ஆய்வுகளில் அவ்வேறுபாடு தெளிவாகத் தோன்றவில்லை. ஆதலால் நாம் நிதானமாக எண்ணவேண்டும். கருவுற்ற எல்லாப் பெண்களுக்கும் நியூட்ரோபில் இயல்பாகவே கூடும். கிருமித் தொற்றாலும் சி-ரியாக்டிவ் புரதம் உயரும். பட்டினியே ஆக்சிஜனேற்ற நெருக்கடியைத் தூண்டவும் கூடும். புகையைக் கண்டு நெருப்பை உணர்வது அளவை நூலார் காட்டிய வழி. ஆயினும் புகையே நெருப்பை மூட்டியது என்பார் உண்டோ? அடையாளம் வேறு, காரணம் வேறு.

காரணத்தைத் தேடியோர்க்கு 2023 டிசம்பரில் 'நேச்சர்' இதழில் வெளிவந்த ஆய்வு ஒரு வழி காட்டிற்று. மார்லீனா பெய்சோ, ஸ்டீபன் ஓராஹிலி முதலியோர் அதனை நடத்தினர். கருவும் நச்சுக்கொடியும் ஜி.டி.எப்.15 என்னும் ஹார்மோனைத் தாயின் இரத்தத்தில் சேர்க்கின்றன. அது மூளையை எட்டிக் குமட்டலை எழுப்புகின்றது. கருவுறுமுன் இந்த ஹார்மோன் குறைவாக இருந்த பெண்ணுக்கு அதன் திடீர்ப் பெருக்கம் தாங்கமுடியாததாகின்றது. இலங்கையில் தலசீமியா என்னும் பரம்பரை இரத்தநோயுள்ள பெண்களிடம் இந்த ஹார்மோன் என்றும் மிகுந்திருக்கும். அவர்கள் கருவுற்றபோது குமட்டல் மிக அரிதாகவே இருந்தது. பழகிய உடல் தாங்கிற்று. பழகாத உடல் தவித்தது. இதில் எந்தப் பெண்ணின் மனவுறுதியைக் குறை கூற இயலும்?

நண்பர்களே, இரத்தச் சோதனையின் முடிவு வரட்டும் என்று சிகிச்சையை ஒத்திப்போடுதல் தகாது. நீரும் தங்காத நிலை, சிறுநீர் குறைதல், எழுந்தால் தலைசுற்றல் ஆகியவை கண்டால் தாயை உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவேண்டும். அங்கு நரம்பு வழியாக நீரும் உப்பும் செலுத்துவர். பல நாள் உண்ணாதவர்க்குக் குளுக்கோஸ் ஏற்றுமுன் தயமின் என்னும் பி1 வைட்டமினைத் தருதல் இன்றியமையாதது. அது குறைந்தால் மூளைக்கே ஊறு நேரும்.

உங்கள் வீட்டிலும் அக்காளோ அண்ணியோ இவ்வாறு வாடலாம். "எல்லார்க்கும் உள்ளதுதானே" என்ற சொல் எழும்போது, "இல்லை, இது நோய், வாருங்கள், மருத்துவரிடம் போவோம்" என்று எடுத்துச் சொல்லுங்கள். கற்ற அறிவியல் அன்று பயன் தரும்.