பக்க மேஜையும் பருவகாலமும்

சாய்வு நாற்காலிக்கு அருகே நின்று, காபித் தம்ளரையும் மூக்குக்கண்ணாடியையும் தாங்கிக்கொண்டிருக்கும் பக்க மேஜையைப் போல அடக்கமான சாமான் வீட்டில் வேறொன்றில்லை. ஆயினும் நான்கு கால்களும் ஒரு பலகையும் கொண்ட இச்சிறு வஸ்துவில், கட்டிலுக்கும் கதவுக்கும் உரிய தச்சுக் கலையின் பிரதான விதிகள் பெரும்பாலும் அடங்கியிருக்கின்றன.

அவ்விதிகளில் தலையாயது, அறுத்த பின்னும் மரம் அசைவற்றுக் கிடப்பதில்லை என்பது. காற்றில் ஈரம் மிகுந்தால் பலகை பருக்கும், குறைந்தால் சுருங்கும். நீளவாக்கில் இம்மாறுதல் அற்பமே, அகலவாக்கிலோ கணிசமானது. சேலம் நகரத்தின் குடிநீருக்கென 1911-இல் அமைத்த ஏரியே வற்றி வெடிக்கும் சித்திரைக் கோடையையும், சுவரெல்லாம் ஓதம் காணும் ஐப்பசி மழையையும் ஒருங்கே அனுபவிக்கும் பனமரத்துப்பட்டியில், 45 சென்டிமீட்டர் அகலமுள்ள தேக்குப் பலகை, தன் ஈரத்தில் நூற்றுக்கு நான்கு பங்கு ஏறி இறங்குமானால், 3 மில்லிமீட்டர் வரையில் விரிந்து சுருங்கக்கூடும்.

ஆகவே மரத்தைத் தேர்ந்தெடுப்பதிலேயே வேலை தொடங்குகிறது. பனை இவ்வூருக்குப் பெயர் கொடுத்திருந்தாலும் மேஜைக்குப் பலகை கொடுப்பதில்லை. அதன் உறுதி வெளிப்புறத்திலே செறிந்து, உட்புறம் சோறாக இருப்பதால், கூரைக்குச் சட்டமாவதோடு அதன் உபயோகம் பெரும்பாலும் நின்றுவிடுகிறது. தேக்கு, வாகை, வேம்பு, பலா ஆகியவற்றிலோ வைரம் நடுவில் இருக்கிறது. இதே சேலம் ஜில்லாவின் கிழக்கே, புவிசார் குறியீடு பெற்ற தம்மம்பட்டிச் சிற்பிகள் வாகை முதலிய மரங்களில் தெய்வ உருவங்களைச் செதுக்குகிறார்கள். சிற்பி ஒரே கட்டையிலிருந்து வேண்டாததைக் களைகிறார்; மேஜை செய்பவரோ வெவ்வேறு திசையில் ரேகை ஓடும் துண்டுகளை ஒன்றுசேர்க்க வேண்டியிருத்தலால், அவருக்கு நேரும் சங்கடம் வேறு.

அறுத்த பலகைகளைக் குறுக்குக் குச்சிகள் வைத்து, நிழலில், காற்றோட்டமாக அடுக்கி உலர்த்துகிறார்கள். ஓர் அங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பது பொதுக் கணக்கு. பலகையின் முனைகள் விரைவில் உலர்ந்து வெடிக்குமாதலால், அங்கே சாணமோ வர்ணமோ பூசி வைப்பது வழக்கம்.

பிறகு அளவு. நாற்காலியின் கைப்பிடி மட்டத்துக்கு, ஏறக்குறைய 22 முதல் 24 அங்குல உயரம் இருந்தால், உட்கார்ந்தபடியே எட்டி எடுக்கலாம். காலையும் அதைச் சுற்றி இணைக்கும் சட்டத்தையும் சேர்க்க, காலில் துளையும் சட்டத்தின் முனையில் அத்துளைக்குள் நுழையும் கழுந்தும் வெட்டுகிறார் ஆசாரி. மூலைமட்டம் வைத்துக் கத்தி முனையால் கோடு கிழித்து, கொட்டாப்புளியால் உளியை இரு கரையிலிருந்தும் நடுவை நோக்கி அடித்துத் துளை எடுக்கிறார். கழுந்தின் கனம் சட்டத்தின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு. அதைக் கையால் அழுத்தினால் இறுக்கமாக நுழைய வேண்டும். சம்மட்டி கேட்டால் கால் பிளக்கும், தானே விழுந்தால் பசை எத்தனை பூசியும் பயனில்லை. மூங்கில் ஆணிக்காகக் கழுந்தில் இடும் துளையைக் காலில் இட்ட ஆணித் துளைக்கு நேராக இடாமல், சட்டத்தின் பக்கமாக ஒரு மயிரிழை தள்ளி இடுவதுண்டு. ஆணி இறங்க இறங்க, அது கழுந்தை உள்ளே இழுத்து மூட்டை இறுக்கிவிடுகிறது.

கால்களையும் சட்டங்களையும் இவ்வளவு இறுக்கிய அதே கை, மேற்பலகையைப் பொருத்தும்போது தளர்ச்சியைக் கடைப்பிடிக்கிறது. பலகையைச் சட்டத்தோடு பசையிட்டு ஒட்டினாலோ ஆணியால் அறைந்தாலோ, சுருங்க வழியின்றி அது நடுவே பிளந்துவிடும். எனவே சட்டத்தின் உட்புறத்தில் காடி வெட்டி, அதில் நாக்கு நுழைந்து நகரும்படியான சிறு மரக்கட்டைகளைப் பலகையின் அடியில் திருகாணியால் பொருத்துகிறார்கள். பலகை கீழே இறுகப் பிடிபட்டிருந்தும் பக்கவாட்டில் தன் இச்சைப்படி விரியும்.

கையால் செய்த மேஜை வாங்க விரும்புவோர், மேற்புறத்து மெருகில் மயங்கிவிடாமல், அதைக் கவிழ்த்துப் பார்ப்பது உத்தமம். கால் மூட்டில் இடைவெளி தெரிந்தாலும், பலகை நகர இடமின்றி அறையப்பட்டிருந்தாலும், விலை எவ்வளவு மலிவாயினும் விட்டுவிடலாம்.