ஏரிகள் மறைந்த நகரில் வீதிப் படங்களே சாட்சி

பெங்களூரு: கடலோ பேராறோ இல்லாத பெங்களூருவைக் கரையோர நகரம் என்று எவரும் சொல்வதில்லை. ஆனால், 1537-ல் கெம்பே கவுடர் நிறுவியதாகக் கூறப்படும் இந்நகரம் ஏரிக்கரைகளில் வளர்ந்ததே. தர்மாம்புதி ஏரி இருந்த இடத்தில் இன்று மெஜஸ்டிக் பேருந்து நிலையம்; சம்பங்கி ஏரியின் மேல் கண்டீரவா விளையாட்டரங்கம். கரகத் திருவிழாவுக்காக விடப்பட்ட சிறு குளமே சம்பங்கியின் மிச்சம்.

ஏரிகளின் பரப்பளவு அரசுக் கோப்புகளில் கிடைக்கும். கரையில் துணி துவைத்தவரும் மாட்டைக் குளிப்பாட்டியவரும் அங்கே இருக்கமாட்டார்கள். அவர்களுக்குச் சாட்சி புகைப்படம்தான்.

அத்தகைய சாட்சியத்தை வாழ்நாள் பணியாகக் கொண்டவர் டி.எஸ். சத்யன். 1923-ல் மைசூரில் பிறந்த அவர், 1948-ல் பெங்களூரில் தொடங்கப்பட்ட 'டெக்கான் ஹெரால்டு' நாளிதழில் புகைப்படக்காரராகப் பணியாற்றினார். பின்னர் தில்லியில் இருந்தபடி வெளிநாட்டு இதழ்களுக்கும் ஐ.நா. அமைப்புகளுக்கும் படமெடுத்தார். தலைவர்களையும் படமெடுத்தவர்தான், எனினும் அவரது கண் அதிகம் நிலைத்தது சிறுவர்களிடமும் உழைக்கும் எளியோரிடமுமே. 1977-ல் பத்மஸ்ரீ பெற்ற அவர், 2009 டிசம்பரில் காலமானார். கஸ்தூர்பா சாலையில் 2023-ல் திறக்கப்பட்ட கலை மற்றும் புகைப்பட அருங்காட்சியகம், அவரது நூற்றாண்டையொட்டி அதே ஆண்டில் அவர் படங்களைக் காட்சிக்கு வைத்தது.

எல்லாத் தெருவுக்கும் ஒரு சத்யன் வாய்ப்பதில்லை. அல்சூர் ஏரி அருகே 1991-ல் நிறுவப்பட்ட திருவள்ளுவர் சிலை, கன்னட அமைப்புகளின் எதிர்ப்பால் 18 ஆண்டுகள் மூடியே கிடந்தது. 2009 ஆகஸ்ட் 9-ல் தமிழக முதல்வர் கருணாநிதி, கர்நாடக முதல்வர் எடியூரப்பா முன்னிலையில் அதைத் திறந்துவைத்தார். நான்கு நாள் கழித்து சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலை திறக்கப்பட்டது. இவ்விழாக்களின் படங்கள் நாளிதழ்களில் நிரம்ப உண்டு. ஆனால், மூடிய சிலையைக் கடந்து அன்றாடம் வேலைக்குச் சென்ற அல்சூர்த் தமிழர்களின் 18 ஆண்டுகளை எங்கே தேடுவது? வீட்டு ஆல்பங்களிலும், பழைய ஸ்டூடியோக்களின் நெகட்டிவ் பெட்டிகளிலும்தான்.

அந்தப் பெட்டிகளைக் கேட்டு வாங்கும் பொறுப்பு அரசு ஆவணக் காப்பகங்களுக்கு உண்டு. தனியார் அருங்காட்சியகம் ஒன்றின் தலையில் மட்டும் அதைக் கட்டிவிட முடியாது. மெட்ரோ ரயிலுக்காக எம்.ஜி. சாலையின் நிழல் நடைபாதை அகற்றப்பட்டு, 2011 அக்டோபர் 20-ல் அவ்வழியே ரயிலும் ஓடத் தொடங்கிவிட்டது. அங்கு மாலையில் உலவியவர்கள் எடுத்த படச்சுருள்களை ஈரமும் பூஞ்சையும் விட்டுவைப்பதில்லை.