தாமதத்தால் வரும் காயம்



பிள்ளை பெற்றபின் சிறுநீர் அடக்கமுடியாமல் இரவும் பகலும் ஒழுகிக்கொண்டிருக்கும் நிலையைப் 'பிஸ்டுலா' என்பார்கள். இது சாபமல்ல, பாவத்தின் பலனுமல்ல. தாமதத்தால் வரும் காயம்.

பிள்ளையின் தலை இடுப்பெலும்பில் சிக்கி, வலி இரண்டு மூன்று நாள் நீடித்தால், நடுவில் நசுங்கும் சதைக்கு இரத்தம் போகாது. அந்தச் சதை செத்து, சில நாட்களில் உதிர்ந்து, மூத்திரப்பைக்கும் பிறப்புவழிக்கும் இடையே துவாரம் விழுகிறது. குழந்தை பெரும்பாலும் இறந்தே பிறக்கும். தாயோ நாற்றத்தினிமித்தம் வீட்டாராலும் ஒதுக்கப்படுகிறாள்.

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். சேர்வராயன் மலையின் உட்கிராமத்தாருக்கு அந்தச் சாலையை வந்தடைவதே ஒரு பயணம். புறப்படத் தீர்மானிப்பதில் தாமதம், வழியில் தாமதம், மருத்துவமனையில் தாமதம் ஆகிய மூன்றும் சேரும்போதே இக்காயம் உண்டாகிறது. 2008-ல் தமிழகத்தில் 108 ஆம்புலன்ஸ் வந்தது. ஏறக்குறைய எல்லாப் பிரசவங்களும் இன்று மருத்துவமனையில் நடப்பதால், இந்தக் காயம் நம்மிடையே அரிதாகிவிட்டது. ஆயினும் கர்ப்பப்பை அறுவைக்குப் பின்னும் சிலருக்கு இத்தகைய துவாரம் ஏற்படுவதுண்டு.

இதற்குச் சிகிச்சை உண்டு. புதிதான சிறு துவாரம், சில வாரங்கள் சிறுநீர்க் குழாய் வைத்திருந்தாலே மூடிக்கொள்ளக்கூடும். மற்றவற்றைப் புண் ஆறியபின் தையலிட்டு அடைக்கலாம். அதன்பின் சுமார் இரண்டு வாரம் குழாயோடு படுக்கையில் தங்கவேண்டும். அடுத்த பிரசவம் சிசேரியனாகவே இருக்கவேண்டும். 1959-ல் எத்தியோப்பியா சென்ற மருத்துவத் தம்பதியர் ரெஜினால்டு, கேதரின் ஹாம்லின், 1974-ல் அடிஸ் அபாபாவில் இதற்கென்றே மருத்துவமனை கட்டினார்கள். 2020-ல் கேதரின் அம்மையார் மறையுமுன் 60,000-க்கு மேற்பட்ட பெண்கள் அப்பணியால் சிகிச்சை பெற்றிருந்தனர்.

தடுப்பதோ இன்னும் எளிது. பெண்ணுக்கு 18 வயதுக்குமுன் மணம் முடிக்கலாகாது. வளரும் பருவத்தில் நல்ல ஆகாரம் வேண்டும். தொலைவிலுள்ள தாய்மார் குறித்த தேதிக்குச் சில நாள் முன்னதாகவே மருத்துவமனையருகே வந்து தங்கவேண்டும். வலி கண்டவுடன் புறப்படவேண்டும்; பாட்டிமார் சொல்லுக்காகக் காத்திருக்கலாகாது.

பன்னிரண்டு வருஷம் பெரும்பாட்டினால் வருந்திய ஸ்திரீ, கூட்டத்தில் ஒளிந்தே ஆண்டவரிடம் வந்தாள். இந்தத் தாய்மாரும் வெட்கத்தால் ஒளிந்திருப்பவர்களே. உங்கள் காணிக்கை அவர்களுடைய படுக்கைச் செலவையும், துணைக்கு வருபவரின் ஆகாரத்தையும் தாங்கும். ஆனால் முதலாவது, உங்கள் சபையின் பெண்கள் கூடுகையில் இதை வாய்திறந்து சொல்லுங்கள். சுகமாகும் என்று அறியாதவள் மருத்துவரைத் தேடி வரமாட்டாள்.