கணினிக்குக் காவல்

கணினியைக் காக்க மென்பொருள் பல சேர்க்க வேண்டும் எனப் பலர் எண்ணுவர். ஓப்பன் பி.எஸ்.டி. என்னும் இயங்குதளமோ, தேவையற்றவற்றை மூடிவைப்பதே முதற்காவல் என்னும் கொள்கையுடையது. தியோ டி ராட் என்பார் 1995ஆம் ஆண்டில் கனடாவில் தொடங்கிய பணி இது.

இதனை நிறுவ விரும்பும் ஆசிரிய அன்பர், முதற்கண் தம் கோப்புகளைப் படியெடுத்து வேறிடத்தில் வைத்தல் வேண்டும். வட்டு முழுவதையும் இதற்கு ஒதுக்கினால் பழையன யாவும் அழியும்.

அடுத்து, இறக்கிய கோப்பு மெய்யானதா என ஆராய்க. அதன் அடையாள எண்ணும் மின்னொப்பமும் உடன் கிடைக்கும். 'சிக்னிஃபை' என்னும் கருவி அவற்றைச் சரிபார்க்கும். ஓரெழுத்து மாறினும் பொருந்தாது. இதனைச் செய்யாது விடுதல், முத்திரை பாராமல் வினாத்தாள் உறையை ஏற்பதற்கு ஒப்பாகும்.

பின்னர்க் கோப்பைப் பென்டிரைவில் எழுதி, அதிலிருந்து கணினியைத் தொடங்குக. வினாக்கள் ஒவ்வொன்றாய் வரும். அவற்றுள் மூன்று இன்றியமையாதன. தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்.எஸ்.எச். வேண்டுமா? வீட்டுக் கணினிக்கு வேண்டா. அன்றாடப் பணிக்குத் தனிப் பயனர் பெயர் வேண்டுமா? வேண்டும். வட்டைக் குறியாக்கம் செய்யலாமா? செய்க. 2023இல் வந்த 7.3ஆம் பதிப்பு முதல் இவ்வினா இடம்பெறுகின்றது. கணினி களவு போயினும், அணைத்து வைத்திருந்தால், மாணவர் குறிப்புகள் பிறர் கண்ணிற் படா. ஆனால், மறைச்சொல்லை மறந்தால் உரியவர்க்கும் அவை கிட்டா, மீட்க வழியில்லை.

நிறுவியதோடு பணி முடிவதில்லை. 'சிஸ்பேட்ச்' என்னும் கட்டளையால் திருத்தங்களை அவ்வப்போது சேர்த்தல் வேண்டும். பூட்டிய கதவாயினும், பேணாவிடின் உளுத்துப்போம் அன்றோ?