கீரைக்குத் துணை தக்காளி!

"தினமும்தான் கீரை சாப்பிடுறேன்... ரத்தசோகை போகலையே!" என்று அலுத்துக்கொள்கிறீர்களா? இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 57 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது 2019-21 தேசிய குடும்பநல ஆய்வு.

கீரை, பருப்பில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் லேசில் சேராது. வைட்டமின் சி துணை வேண்டும். அது தக்காளியில் உண்டு. ஆனால் ரொம்ப நேரம் கொதித்தால் குறைந்துவிடும். அதனால் கீரை மசியலோடு, தக்காளி, வெங்காயம் நறுக்கி, எலுமிச்சை பிழிந்து பச்சையாகவே பரிமாறுங்கள்.

அப்போ தக்காளித் தொக்கு வீணா? இல்லவே இல்லை! தக்காளிக்குச் சிவப்பு நிறம் தரும் லைக்கோபீன், எண்ணெயில் வதக்கினால்தான் நன்றாகச் சேரும். எண்ணெய் மட்டும் அளவோடு இருக்கட்டும்.

முக்கியமாக, சாப்பிட்ட கையோடு காபி, டீ வேண்டாம். இரும்புச்சத்து சேருவதை அவை தடுக்கும். ஒரு மணி நேரமாவது போகட்டும். அசதி தொடர்ந்தால் ஹீமோகுளோபின் பரிசோதனை செய்து, டாக்டரைப் பாருங்கள். சாப்பாடு மாத்திரைக்குத் துணைதான், மாற்று இல்லை!